தாம்பரத்தில் கடல் இல்லை

மேற்குத் தாம்பரம்
11.10.2025

பொன்னி அக்காவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். மாமாவின் நம்பருக்கும் போகவில்லை. அதனால்தான் கடிதம். உன் பக்கத்து வீட்டு சுஜி அக்கா தினமும் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறித் தாம்பரம் துணிக்கடைக்கு வேலைக்கு வருகிறாள் அல்லவா, அவள் சாப்பாட்டுப் பையில் போட்டு அனுப்புகிறேன். பிரித்துப் படித்தால் படிக்கட்டும். நேற்று எங்கள் வண்டிச் சாமான் கடையில் நடந்ததை ஜி.எஸ்.டி. ரோடே நின்று பார்த்தது.

போன் போயிருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எல்லோரும் பேசி முடித்துவிடுவீர்கள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நேற்று காலை, கடையில் கூட்டம் நிற்கிற நேரம். மாமா வந்தார். வண்டி இல்லாமல் நடந்து வந்தார். “வாங்க மாமா” என்று எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் முதலாளி கேசவன் சாரைப் பார்த்துதான் கத்தினார்.

“இன்னா சார் கடை நடத்தறீங்க? இவ குட்த்தது ஆயிலா சார்? தண்ணி. பச்சத் தண்ணி. வண்டி வண்டலூர் பிரிட்ஜ் மேல படுத்துக்கிச்சு. டாக்சி ஓட்டிப் பொழைக்கறவன் சார் நான். பத்தாவது தாண்டாததையெல்லாம் கவுண்டர்ல ஒக்கார வெச்சா இப்டித்தான்.”

பத்தாவது தாண்டாதது. உயர்திணை கூடக் கிடையாது எனக்கு. சொன்னது வழியில் போகிறவன் இல்லை, என் அக்கா புருஷன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவர் நான் கொடுத்த டின்னைக் கையில் வைத்திருந்தார். அதை மெதுவாகத் திரும்ப மேஜை மேல் வைத்துவிட்டு, “வேற எடத்துல பாத்துக்கறேன்” என்று போய்விட்டார். மாமா கத்தியதை விட அந்த டின் மேஜையில் பட்ட சத்தம்தான் இன்னும் கேட்கிறது.

நான் என்ன கொடுத்தேன் என்று நீயாவது கேள். போன மாதக் கடைசியில் மாமா ஆயில் வாங்க வந்தார். எல்லோரிடமும் கேட்பதைத்தான் அவரிடமும் கேட்டேன். எந்த வண்டி, எந்த வருஷம், பெட்ரோலா டீசலா. தெரிந்த வண்டிதானே என்று விடவில்லை. வெளியே போய் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். ஆயில் ஊற்றும் இடத்தின் மூடியிலேயே 5W-30 என்று அச்சடித்திருக்கிறது. வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும் அதேதான். “முப்பதா? நம்ம ஊர் வெயிலுக்கு நாப்பதுனா குடு, கெட்டியா நிக்கும்” என்றார். “புக்ல முப்பதுதான் மாமா போட்டிருக்கு” என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு வாக்கியம்.

நேற்றும் அதைச் சொல்லியிருக்கலாம். தொண்டையில் நின்றுவிட்டது. உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தானே படிப்பை விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. இந்தக் கவுண்டரில்தான் முதல்முதலாக ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதிலை ஆட்கள் நின்று கேட்டார்கள், கேட்டபடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது அதுவும் இல்லை. “கொஞ்ச நாள் பின்னாடி குடோன்ல இரு பாப்பா. தீபாவளி போகட்டும், பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார் கேசவன் சார். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவளிடமும் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொன்னாராம். அவள் இப்போது இங்கே இல்லை.

மாமா வந்து, கத்திய இடத்திலேயே நின்று, கூட்டம் இருக்கும்போது, “ஆயில் மேல தப்பு இல்ல” என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வெண்ணிலா


ஊரப்பாக்கம்
13.10.2025

வெண்ணிலா,

கடிதத்தில் உனக்கு இவ்வளவு நீள வாய் இருப்பது எனக்குத் தெரியாது. நேரில் தண்ணீர் கேட்பதற்குக் கூட ஜாடை காட்டுகிறவள் நீ. சுஜி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை வாசலிலேயே நிற்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்.

உன் மாமா கத்தியது உனக்குப் பெரிதாக இருக்கிறது. வண்டி நின்றது உனக்குப் பெரிதாக இல்லை. ஏர்போர்ட் சவாரியை ஏற்றிக்கொண்டு பாலத்தின் மேல் நின்றிருக்கிறார். பின்னால் லாரிக்காரன் ஹார்ன். சவாரிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடியிருக்கிறார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போய்ப் பெருங்களத்தூரில் எட்மண்ட் அண்ணன் ஷெட்டில் போட்டிருக்கிறது. இஞ்சினையே பிரிக்க வேண்டுமாம். அந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சமைக்கிறேன். நீ என்னடாவென்றால் நாற்காலி போய்விட்டது என்கிறாய்.

நானும் ஷெட்டுக்குப் போயிருந்தேன். எட்மண்ட் அண்ணன், “இங்க வாம்மா, இதப் பாரு” என்று கூப்பிட்டுக் காட்டினார். வண்டிக்குக் கீழே பேசினை வைத்து ஆயிலைத் திறந்துவிட்டார். வெல்லப்பாகு மாதிரி கொழகொழவென்று இறங்குகிறது. கடைசியில் பேசினின் அடியில் மணல் வேறு. விரலால் தடவிக் காட்டினார், நறநறவென்றது. “எங்கம்மா வாங்கினீங்க இந்த ஆயில?” என்று கேட்டார். என் தங்கச்சி வேலை செய்கிற கடையில் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. சொன்னேன். “நல்ல தங்கச்சி” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் அவமானம் உனக்கு மட்டும் இல்லை.

ஆயில் மாற்றிப் பத்து நாள் கூட ஆகவில்லை. ஆயுத பூஜைக்குக் கோவளம் குப்பத்துக்கு அப்பா வீட்டுக்குப் போனோம் அல்லவா, நீதான் கடையிலும் பூஜை என்று வராமல் இருந்துவிட்டாய், அங்கேதான் மாற்றினார். நானும் அம்மாவும் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தோம். அன்று திரும்பி வரும்போதே வண்டி ஒரு மாதிரி முனகியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம். போகப் போகச் சரியாகிவிடும் என்று ஓட்டியிருக்கிறார். தைரியமாக ஓட்டினார் என்றால் எதை நம்பி? நீ கொடுத்த ஆயிலை நம்பித்தானே.

மாமா அங்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நீ வந்து எங்கள் வாசலில் கேட்க வேண்டும். எத்தனை முறை சொன்னேன், பத்தாவதையாவது முடித்துத் தொலை என்று. கேட்டாயா?

பொன்னி


மேற்குத் தாம்பரம்
14.10.2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபத்தில் கிழிக்கப் போனேன். நல்லவேளை கிழிக்கவில்லை. இரண்டாம் முறை படித்தேன். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை.

நான் கொடுத்தது தண்ணீர் மாதிரி என்று கத்தினார் மாமா. எட்மண்ட் அண்ணன் இறக்கியது வெல்லப்பாகு மாதிரி இருந்தது என்று நீ எழுதுகிறாய். தண்ணீரா பாகா, வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள். பிறகு என்னைத் திட்டலாம்.

5W-30 ஆயில் பத்து நாளில் பாகாக மாறாது. ஓட ஓட அழுக்காகிக் கறுக்கும், கெட்டியாகிக் கொழகொழவென்று ஆகாது. மாமா வண்டி மாதிரி புது இஞ்சின்களில் ஆயில் போகிற வழிகள் மிகவும் சின்னவை. காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் சரசரவென்று உச்சி வரைக்கும் ஏற வேண்டும். அதற்குத்தான் கம்பெனிக்காரன் லேசான ஆயிலைப் போடச் சொல்கிறான். கெட்டியாக இருந்தால் ஏறுவதற்கு நேரமாகும். அது வரைக்கும் மேலே இருக்கிற சாமான்கள் காய்ந்த நிலையில் ஒன்றோடொன்று உரசும். நீ எழுதிய கடகட சத்தம் அதுதான். இது நான் கண்டுபிடித்தது இல்லை. கடைக்கு வந்த கம்பெனி ஆள் சொன்னதைக் காதில் வாங்கினேன், அவ்வளவுதான்.

சரி, அதெல்லாம் எனக்குத் தெரியாது, நான் பத்தாவது தாண்டாதது என்றே வைத்துக்கொள். மணலுக்குப் பதில் சொல். எங்கள் கடை டின்னுக்கு சீல் இருக்கிறது. மாமா அதைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் மணல் எப்படி வந்தது? தாம்பரத்தில் கடல் இல்லை அக்கா.

மணல் எங்கே இருக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். கெட்டியான ஆயில் கேன், மூடி இல்லாமல், துணி அடைத்து, குப்பத்தில் அப்பாவின் போட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும். சின்ன வயதில் நீ அதில் கால் இடறி விழுந்து உன் மஞ்சள் பாவாடை பாழானது. மறந்துவிட்டாயா?

நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேள். என் டின் எங்கே? ஊற்றியிருந்தால் காலி டின் இருக்க வேண்டும். அம்மா எந்தக் காலி டின்னையும் வெளியே எறிய மாட்டாள், கழுவி உப்புப் போட்டு வைப்பாள். அம்மாவுக்கு ஒரு போன் செய். அவள் நம்பரையும் பிளாக் செய்யவில்லையே?

குடோனில் வெளிச்சம் இல்லை. வாசலில் கேசவன் சார் வியாபாரம் செய்வது கேட்கிறது. “நல்லதா ஒண்ணு குடுங்க” என்றால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுக்கிறார். எந்த வண்டி என்று கூடக் கேட்பதில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அட்டைப் பெட்டிகளை மடிக்கிறேன்.

வெண்ணிலா


ஊரப்பாக்கம்
17.10.2025

வெண்ணிலா,

அம்மாவுக்குப் போன் செய்தேன். “ஆயில் டின்னா? கட்டிலுக்கு அடியில கீது. மாப்ள மறந்துட்டுப் போயிட்டாரு, வந்தா எடுத்துக்குவாருன்னு வெச்சிகிறேன். சீலு கூடப் பிரிக்கலடி” என்றாள்.

உன் மாமாவைக் கேட்டேன். முதலில் கோபப்பட்டார். “தங்கச்சி எழுதினா அக்கா விசாரணையா” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அப்பாவைத் தெரியுமே உனக்கு. வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று போட் இஞ்சினுக்குப் பழைய ஆயிலை இறக்கிவிட்டு, கற்பூரம் ஏற்றி, புது ஆயிலைத் தன் கையால் ஊற்றுவார். இந்த வருஷம் மருமகன் காரும் வாசலில் நிற்கிறது. மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்து அதற்கும் சேர்த்துப் பூஜை. தெருவே நிற்கிறது. மாமா உன் டின்னை நீட்டியிருக்கிறார். அப்பா அதை வாங்கி, மேலே போட்டிருந்த நம்பரைப் பார்த்துச் சிரித்தாராம்.

“இன்னா மாப்ள, முப்பதா? கொழந்தைக்கு ஊத்தற மருந்து மாதிரி. என் இஞ்சினு ராவெல்லாம் உப்புத் தண்ணில ஓடுது, ஒரு நாள் நின்னுகீதா? நாப்பது ஊத்து. மாமனார் கை ராசி, வண்டி உனக்கு முன்னாடி ஓடும்.”

எல்லோரும் கை தட்டினார்களாம். அந்த நேரத்தில் வேண்டாம் என்று எந்த மருமகன் சொல்லுவான்? நீயே சொல். அப்பா அந்தக் கேனைத் தூக்கி ஊற்றிவிட்டார். வண்டியிலிருந்து இறக்கிய பழையதை எடுத்து வைத்துக்கொண்டார், போட் சங்கிலிக்கு ஆகும் என்று.

வண்டி நின்றதும் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? கோபத்தில் உன் பெயர் வாயில் வந்துவிட்டது என்கிறார். தப்புதான். நானும் தெரியாமல் எழுதிவிட்டேன்.

ஆனால் வெண்ணிலா, கொஞ்சம் யோசி. குப்பத்தில் எவன் போட் நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். இஞ்சின் என்றால் சிட்டிபாபு. அவருக்கு இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். அவர் இன்னும் நம் வண்டி அவர் ஊற்றிய ஆயிலில் ஜம்மென்று ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் கூடப் போனில், “எப்டிப் போவுது?” என்று கேட்டார். உன் மாமா, “சூப்பரா போவுது மாமா” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மருமகன் வண்டியை மாமனார் கெடுத்தார் என்று நாலு பேர் பேசினால் அந்த மனுஷன் தலை நிமிர்ந்து நடப்பாரா? நீ சின்னப் பெண். இந்தக் கடை இல்லாவிட்டால் இன்னொரு கடை. அப்பாவுக்கு இன்னொரு பேர் கிடைக்குமா?

மாமா வந்து உங்கள் முதலாளியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுவார். நீ தீபாவளிக்கு வந்துவிடு. உனக்கு மயில் நிறத்தில் சுடிதார் எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


மேற்குத் தாம்பரம்
18.10.2025

அக்கா,

பக்குவமாகச் சொல்லிவிடுவார் என்று எழுதினாய். சொன்னார். இன்று வந்தார். காலையில் வரவில்லை. மதியம், சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த நேரத்தில் குனிந்து உள்ளே வந்தார். கடையில் ஓர் ஆள் கூட இல்லை. குடோன் வாசலில் நின்று நான் கேட்டேன்.

“அன்னிக்கி கொஞ்சம் டென்சன்ல பேசிட்டேன் சார். வண்டில வேற ஏதோ பிராப்ளம். வுட்டுடுங்க.”

“அப்ப ஆயில் சரியான ஆயில்தானா?” என்று கேசவன் சார் கேட்டார்.

“அது… இன்னா சொல்றது சார், எல்லாம் சேர்ந்துதான்” என்றார் மாமா. என் கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்துவிட்டுக் குனிந்தே வெளியே போனார். கேசவன் சார் என்னைப் பார்த்தார். “சரி, தீபாவளி போகட்டும்” என்று மறுபடியும் அதையே சொன்னார்.

எல்லாம் சேர்ந்துதான். அதாவது என் ஆயிலும் சேர்ந்துதான். கட்டிலுக்கு அடியில் சீல் பிரிக்காமல் கிடக்கிற ஆயில் வண்டலூர் பாலத்தின் மேல் இஞ்சினைக் கெடுத்திருக்கிறது. ஸ்வீட் பாக்ஸ் நான் தங்கியிருக்கிற சந்திரிகா சித்தி வீட்டில் இருக்கிறது. நான் தொடவில்லை. சித்தியும் பிள்ளைகளும் சாப்பிட்டுவிட்டார்கள்.

கோபத்தில் என் பெயர் வாயில் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஏன் என் பெயர் வந்தது? பெட்ரோல் பங்க்காரன் பெயர் வந்திருக்கலாம், வண்டி விற்றவன் பெயர் வந்திருக்கலாம். அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நான் கேட்க மாட்டேன். அது தெரிந்துதான் வந்தது. கோபத்தில் வருகிற பெயர் இவ்வளவு கணக்காக வராது அக்கா.

அப்பாவுக்கு ஒரு பேர்தான் இருக்கிறது என்கிறாய். எனக்கு எத்தனை இருக்கிறது? இந்தக் கடையில் வந்து ‘அந்தப் பொண்ணு இருக்கா? அவ கேட்டுட்டுக் குடுப்பா’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். வெண்ணிலா என்று கூடத் தெரியாது அவர்களுக்கு. அந்தப் பொண்ணு. அது என் பேர். அதைத்தான் மாமா காலையில் வந்து உடைத்துவிட்டு, மதியம் வந்து ஒட்டுகிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன். அப்பாவுக்கு இஞ்சின் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. போட் இஞ்சினுக்கு நாற்பது சரி. அது பழைய மாதிரி இஞ்சின், மெதுவாக, ஒரே சீராக ஓடுகிறது. காருக்கு முப்பது சரி. இரண்டும் இரண்டு வேலை. இதை அப்பாவிடம் சொன்னால் புரிந்துகொண்டிருப்பார். சொல்லிப் பார்த்தீர்களா? அவர் தாங்க மாட்டார் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு வாய் இல்லை என்றும் நீங்களேதான் முடிவு செய்தீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள்.

குப்பத்தில் நம் பக்கத்து வீட்டுத் தயாளன் அண்ணன் கார் எடுக்கப் போகிறார் என்று அம்மா சித்தியிடம் சொன்னாள். பொங்கலுக்குப் பூஜையாம். அப்பாதான் ஆயில் ஊற்ற வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாராம், மருமகன் வண்டி சூப்பராக ஓடுகிறதே. அந்த வண்டியும் நின்றால் யார் பெயர் வாயில் வரும்?

தீபாவளிக்கு வரவில்லை. சுடிதாரை சுஜி அக்காவுக்குக் கொடு. அவள்தான் மழையில் கடிதம் தூக்கி அலைகிறாள்.

வெண்ணிலா


ஊரப்பாக்கம்
22.10.2025

வெண்ணிலா,

மழை விடவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். சுஜி நாளைக்கு வேலைக்குப் போனால்தான் இது உன் கைக்கு வரும்.

இவ்வளவு கோபத்தை இத்தனை வருஷம் எந்த டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாய்? உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். ஒரு நாள் கூட எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லையா, காது கொடுக்கவில்லையா என்று தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

குப்பத்துக்குப் போனோம். சாப்பாடு முடிந்து அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உன் மாமா கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்கிறார். நான் சொல்லிவிட்டேன். பாலத்தில் நின்றது, மணல், உன் கடையில் போய்க் கத்தியது, எல்லாம். தயாளன் அண்ணன் வண்டிக்கு ஊற்றாதே என்றும் சொன்னேன்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “மாப்ள, வண்டி சூப்பரா போவுதுன்னியே” என்றார். அவ்வளவுதான் கேட்டார். உன் மாமா எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு அப்பா என்னிடம், “சின்னவ இன்னா சொன்னா?” என்றார். “அவ எங்க சொல்வா? கடுதாசி எழுதறா” என்றேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு உன் டின்னை எடுத்தார். லுங்கியால் தூசியைத் துடைத்தார். மூடியைத் தடவிப் பார்த்தார், சீல் அப்படியே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் கிளம்பும்போது கூடத் திரும்பவில்லை.

என்ன செய்யப் போகிறார் என்று தெரியாது. உன் மாமா என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாமனார் முன்னால் தலையைக் குனிய வைத்துவிட்டேனாம். ஆக, உனக்கு நியாயம் கேட்கப் போய் என் வீட்டில் அடுப்பு மட்டும்தான் பேசுகிறது. போதுமா?

உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். சுடிதாரை சுஜிக்குக் கொடுக்க மாட்டேன். அவளுக்குப் பத்தாது.

அக்கா


மேற்குத் தாம்பரம்
26.10.2025

அக்கா,

அப்பா நேற்று வந்தார்.

சனிக்கிழமை காலை. மழை என்பதால் வைப்பர் பிளேடு வாங்க அத்தனை கூட்டம். நான் குடோனில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். முதலில் மீன் வாசனை வந்தது. யாரோ மார்க்கெட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு குரல். அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாதே, கடலில் ஒரு போட்டிலிருந்து இன்னொரு போட்டுக்குப் பேசிப் பழகிய குரல்.

“யாருய்யா இங்க கேசவன்?”

நான் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. மீன் பையிலிருந்து டின்னை எடுத்து மேஜை மேல் வைத்தார் போலிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டது.

“இந்தா. இது என் சின்னப் பொண்ணு குட்த்த ஆயிலு. சீலு பிரிக்கல, நீயே பாரு. எங்க மாப்ள வண்டில ஊத்துனது என் போட் ஆயிலு. ஊத்துனது நானு. வண்டி என்னாலதான் நின்னுச்சு. இவ மேல ஒண்ணும் இல்ல.”

“சரிங்க, சரிங்க. கொஞ்சம் மெதுவா பேசுங்க, கஸ்டமர் இருக்காங்க” என்றார் கேசவன் சார்.

“இருக்கட்டும். அன்னிக்கி மாப்ள மெதுவாவா பேசுனாரு?”

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “வெண்ணிலா” என்று கூப்பிட்டார். வெளியே வந்தேன். சட்டை முழுக்க நனைந்து, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். டின்னைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“முப்பது தெரியுது. முன்னாடி ஒரு அஞ்சு போட்டுகீதே, அது இன்னாத்துக்கு?”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்று பார்த்த மாதிரியே. ஆனால் அப்பா குறுக்கே எதுவும் பேசாமல் நின்றார் அக்கா. பேசாமல் நிற்கும் அப்பாவை நான் பார்த்ததே இல்லை. அதனால் சொன்னேன். “வண்டி சூடாகறதுக்கு முன்னாடி எவ்ளோ லேசா ஓடும்னு முதல் நம்பர்ப்பா. சூடானதுக்கு அப்புறம் எவ்ளோ கெட்டியா நிக்கும்னு ரெண்டாவது நம்பர். ரெண்டும் வண்டிக்குத் தகுந்த மாதிரி இருக்கணும். கெட்டியா இருந்தா நல்லதுன்னு கிடையாது.”

“அப்ப என் போட்டுக்கு?”

“உனக்கு நாப்பதுதான். ஆனா கேனுக்கு மூடி போடு.”

இந்த முறை எல்லோருமே சிரித்தார்கள். அப்பாவும். பிறகு என்னைத் தனியாக ஒதுக்கி நிறுத்தி, “ஏம்மா, அன்னிக்கே நீ வாயத் தொறந்து கத்தியிருக்க வேணாமா?” என்றார்.

பார், அதிலும் தப்பு என் பக்கம். ஊற்றியவர் ஊற்றினார், கத்தியவர் கத்தினார், மறைத்தவர்கள் மறைத்தீர்கள். கத்தாமல் இருந்ததுதான் குற்றம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்போதும் போல விழுங்கியிருப்பேன். விழுங்கவில்லை.

“நீங்கல்லாம் பேச வுட்டாத்தானேப்பா” என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. கேசவன் சார் திரும்பிப் பார்த்தார். அப்பா தலையில் கட்டியிருந்த பையை அவிழ்த்து, உதறி, மறுபடியும் கட்டிக்கொண்டார். “தயாளன் வண்டி எடுத்தா இங்க இட்டுகினு வரேன்” என்று சொல்லிவிட்டு கோவளம் பஸ் பிடிக்கப் போனார்.

நான் கவுண்டருக்கு வந்துவிட்டேன். கேசவன் சார் தானாகவே எழுந்து நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை, என்னுடையதைத்தானே கொடுத்தார்.

உன் மிஸ்டு கால்களைப் பார்த்தேன். எடுக்கவில்லை. நீ அப்பாவிடம் சொன்னதற்காக உன்மேல் பாதிக் கோபம் போய்விட்டது. மாமா மாடிப்படியில் சாப்பிடுகிறார் என்பதற்காக மீதிப் பாதியும் போய்விடாது. உனக்கு நியாயம் கேட்கப் போய் என் வீட்டில் இப்படி ஆனது என்று எழுதியிருந்தாய். அப்படி ஆக்கியது நான் இல்லை. அதையும் என் கணக்கில் எழுதாதே.

எட்மண்ட் அண்ணன் இஞ்சினை முடித்துவிட்டால் ஆயில் தேவைப்படும். அந்த டின் இங்கேதான் இருக்கிறது. திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார் கேசவன் சார். வேண்டாம் என்று சொல்லி என் தலைக்கு மேல் இருக்கிற தட்டில் வைத்திருக்கிறேன். கடைக்குள் வருகிற எல்லோருக்கும் தெரிகிற இடம். சுஜி அக்காவை அனுப்பி வாங்காதே. எட்மண்ட் அண்ணன் வந்தாலும் கொடுக்க மாட்டேன்.

மாமா வரட்டும். காலையில், கூட்டம் நிற்கும்போது வரட்டும். தெரிந்த வண்டிதானே என்று விட மாட்டேன். எந்த வண்டி, எந்த வருஷம், மூடியில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று கேட்பேன். அவர் பதில் சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக. கத்தத் தெரிந்தவர்தானே.

வெண்ணிலா